ஏரிக்கரையில் அப்பாவின் எஞ்சின்

என் வீட்டுக்காரர் ஏசுவடியானுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். போர் குழாய்க்குள் மோட்டாரை இறக்குவார், கெட்டுப்போனால் மேலே ஏற்றுவார். கே.ஜி.கண்டிகையிலிருந்து கனகம்மாசத்திரம் வரைக்கும் யார் நிலத்தில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்தத் தண்ணீரில் காலை வை என்றால் மட்டும் ஆகாது. கல்யாணமான புதிதில் பழவேற்காட்டில் என் அம்மா வீட்டுக்குப் போனபோது, படகில் ஏறச் சொன்ன என் அப்பாவை இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துகொண்ட மனிதர் இவர். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்பா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். படகைத் தம்பி ஆல்பின் விற்றுவிட்டான். ஓடாமல் கிடந்த எஞ்சினை மட்டும், மாமா பார்த்துச் சரிசெய்து தரட்டும் என்று திருத்தணிக்கு, எங்கள் வீட்டுக்கு அனுப்பினான். இவரும் மாசக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓடவும் வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஆல்பின் அதையும் வாங்க ஆள் பிடித்துவிட்டான். திங்கட்கிழமை வண்டி வருகிறது என்று போன் வந்தது.

எனக்கு அழுகைதான் வந்தது. எஞ்சினை வைத்துக்கொண்டு இந்த வறண்ட ஊரில் நான் என்ன செய்யப்போகிறேன்? எனக்கு வேண்டியதெல்லாம் அதன் சத்தம். அது போவதற்கு முன்னால் ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும். டிரம்முக்குள் ஓடியது அந்தச் சத்தமே இல்லை.

எங்கள் குப்பத்தில் எல்லாப் படகுக்கும் எஞ்சின் உண்டு. அத்தனை இரைச்சலிலும் அப்பாவின் எஞ்சினை நான் பிரித்துச் சொல்லிவிடுவேன். எனக்குக் கேட்பதற்கு முன்பே அம்மாவுக்குக் கேட்டிருக்கும். "உங்கப்பா வந்துகினு இருக்காரு, உலை வை" என்பாள். அடுப்பில் பானையை ஏற்றிவிட்டுக் கரைக்கு ஓடுவேன். அந்த ஓட்டத்தில் இருந்த சந்தோஷம் அப்புறம் எனக்கு எதிலும் கிடைக்கவில்லை. கல்யாணத்திலும்கூட இல்லை. இவர் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் எஞ்சினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனோம். இந்த வருஷம் மழை நன்றாக இருந்ததால் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. மீன் குத்தகை எடுத்திருக்கும் சேட்டு தன் ஃபைபர் படகைத் தயாராக வைத்திருந்தான். கழி ஊன்றித் தள்ளும் ஏரிப் படகு அது. கடல் படகு மாதிரி பின்பலகை உயரமாக இருக்காது. இவரும் சேட்டும் எஞ்சினைத் தூக்கி அந்தப் பலகையில் மாட்டி முடுக்கினார்கள். எஞ்சினின் அடியில் சுற்றும் விசிறி தண்ணீருக்குள் எங்கேயோ ஆழத்தில் போய்விட்டது.

"ரொம்ப எறங்கிகினு இருக்குதுங்க" என்றேன்.

"மோட்டார்னா எறங்கத்தான் வேணும். எத்தினி எறங்குதோ அத்தினி நல்லது. இருவது வருசமா இதத்தான் பண்ணிகினு இருக்கேன்."

"இது போர் இல்லீங்க."

"தண்ணி எல்லாம் ஒண்ணுதான் கிரேஸு."

படகில் ஏறினேன். பழவேற்காட்டுக் காயலில் பக்கத்து வீட்டுக்காரர் படகில் எஞ்சின் பிடித்துப் பழகியவள் நான் ஒருத்திதான். முன்னால் சேட்டு உட்கார்ந்தான். கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்தது, ஆனால் மூச்சுத் திணறுகிறவன் மாதிரி முனகியது. எவ்வளவு முறுக்கினாலும் படகு நகர மனமில்லாமல் போனது. பின்னால் தண்ணீர் எகிறி என் ஞாயிற்றுக்கிழமைப் புடவையை நனைத்தது. கரையில் இவர் கைதட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே ஏரியில் தள்ளியிருப்பேன்.

திரும்பி வந்ததும் சேட்டு மீன் பெட்டியிலிருந்து இரண்டு சட்டத்தை உடைத்து எடுத்தான். "தூக்கிட்டா ஆச்சு, வுடுக்கா" என்று இரண்டையும் பின்பலகைமேல் வைத்து எஞ்சினை உட்காரவைத்தான். இந்த முறை அது காட்டுக் கத்தல் கத்தியது. விசிறி காற்றை விழுங்கிக்கொண்டு சும்மா சுற்றியது. படகு நின்ற இடத்திலேயே நின்றது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார் இவர்.

"நீங்க சொன்னதும் தப்பு, அவன் பண்ணதும் தப்பு. ரெண்டு பேரும் படக மேல இழுங்க."

இழுத்து, டயர்மேல் தூக்கி வைத்தார்கள். அப்பா செய்வது எனக்கு அப்போதுதான் கண்முன் வந்தது. படகின் அடியில் உள்ளங்கையை ஒட்டிவைத்துப் பின்பக்கமாகத் தடவிக்கொண்டே போவார். விசிறிக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கும். அடிப்பாகமும் அந்தத் தகடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கை மேலேயும் ஏறக்கூடாது, கீழேயும் தட்டக்கூடாது. நான் பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். "இப்ப சொல்லு, தட்டுதா?" என்று என் கையையும் பிடித்து வைத்துப் பார்ப்பார். மீன் வாடையடிக்கும் கை அது.

ஒரு சட்டத்தை எடுக்கச் சொன்னேன். தடவிப் பார்த்தேன். தட்டவில்லை.

படகு இப்போது வழுக்கிக்கொண்டு போனது. முனகலும் இல்லை, கத்தலும் இல்லை. சேட்டு, "சூப்பருக்கா!" என்று கூவினான். எனக்கு மட்டும் ஏமாற்றமாக இருந்தது. எஞ்சின் சரி, சத்தம் அதுவல்ல. பாதி ஏரி போனபிறகுதான் புத்தியில் உறைத்தது. நான் என்றைக்கு அதைப் படகுக்குள் இருந்து கேட்டேன்? அப்பா போகும்போது தூங்கிக்கொண்டிருப்பேன். நான் கேட்டதெல்லாம் கரையில் நின்று, அது திரும்பி வரும்போது.

கரையேறி, நான் இங்கே நிற்க வேறு யாராவது ஓட்டிவர வேண்டும் என்று சொன்னேன். சேட்டு கையை விரித்தான். "நான் கழி போடறவன்க்கா. இஞ்சின் எனக்குத் தெரியாது."

மலைமேலிருந்து கோயில் மைக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் ஏரியைப் பார்த்தார், என் நனைந்த புடவையைப் பார்த்தார். பிறகு சேட்டின் கொட்டகைக்குப் போய் இரண்டு காலி கேன்களை எடுத்துவந்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"முறுக்கறது எப்டின்னு எனக்குத் தெரியும். திருப்பறது மட்டும் சொல்லு."

"வேணாங்க."

"சொல்லு கிரேஸு. நாளைக்கு வண்டி வந்துடும்."

சொன்னேன். சேட்டு கூடவே ஏறிக்கொண்டான். படகு சிறுத்துக்கொண்டே போய்க் கோரைப் புதருக்கு அப்பால் மறைந்தது. சத்தமும் தேய்ந்து இல்லாமலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. தூரத்தில், சின்னதாக, காற்றில் விட்டு விட்டு. அதேதான்! கிட்டே வர வர உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா சொல்வதுகூடக் கேட்டது. கரைச் சரிவில் செருப்பில்லாமல் ஓடி, முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன்.

எஞ்சின் அணைந்தது. படகிலிருந்து இவர் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. இடுப்புக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

"அதுவா?" என்றார்.

தலையை ஆட்டினேன். கண்ணீர் வாய்க்குள் போய்க் கரித்தது.

"இன்னொரு வாட்டி போயிட்டு வரட்டுமா?"

"வேணாங்க. ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் வருவாரு" என்று சொல்லிவிட்டு அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தேன். "வாங்க, வீட்டுக்குப் போவலாம். உலை வைக்கணும்."