மூன்றாம் சரணம்

பாடகன் எவேலியோ செத்து ஒரு வருடமாகியும் சாந்தியாகோ நகரம் அவனைச் சாக விடவில்லை. டாக்ஸிக்காரன் விசிலிலும் அவன்தான், சலூன் ரேடியோவிலும் அவன்தான். காலமெல்லாம் அவன் பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடிய நெரெய்தாவுக்குக் காபி குடிக்கும்போதுகூட நிம்மதி இல்லை.

அவனுக்குப் பேர் வாங்கித் தந்த படகுத்துறைப் பாட்டை எழுதியவள் அவள். கடலோடிப் போனவனுக்கு ஒருத்தி, “காத்திருப்பேன்” என்று முதல் சரணத்தில் சத்தியம் செய்கிறாள். மூன்றாம் சரணத்தில், போதுமடா என்று கதவைச் சாத்திவிடுகிறாள். அந்தச் சாத்தலுக்காகத்தான் பாட்டையே எழுதினாள். இசைத்தட்டு பதிந்த அன்று எவேலியோ அதை மறந்து, முதல் சரணத்தையே திரும்பப் பாடித் தொலைத்தான். முதல் குரல் எங்கே போனாலும் இரண்டாம் குரல் பின்னாலேயே போக வேண்டும், அதுதான் வழக்கம். அவளும் போனாள்.

“அடுத்த தட்டுல சரி பண்ணிக்கலாம், விடு” என்றான். அடுத்த தட்டு வரவேயில்லை. பிழையோடுதான் ஊரே பாடியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

இன்று மதியம் பாட்டு மன்றத்தில் அவன் படத்திறப்பு. முதல் குரல் பாடப்போகும் ஒஸ்மானி, எவேலியோவின் தட்டுகளைக் கேட்டே பாடகனானவன்.

“நான் சொல்லிக் குடுத்த மூணாவது சரணம் ஞாபகம் இருக்கில்ல? சொதப்பினே, கிட்டாரை உன் தலையிலயே உடைப்பேன்.”

“அக்கா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன்.”

பாடினார்கள். இரண்டாம் சரணம் முடிந்ததும் எவேலியோ மூச்சிழுக்கும் அதே சத்தம் கேட்டது. ஒஸ்மானியின் வாயிலிருந்து முதல் சரணம் வந்தது. குரல் செத்தவனுடையது.

“இல்ல எவேலியோ, இந்தத் தடவை விடமாட்டேன்” என்று முணுமுணுத்தாள். வாழ்நாளில் முதல்முறையாக முதல் குரலை மீறி, மூன்றாம் சரணத்தை ஆத்திரமாக உரக்கப் பாடினாள். ஒஸ்மானி பாட்டை நிறுத்திவிட்டான்.

முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாவம், வயசாயிடுச்சு. பாட்டே மறந்துபோச்சு பாருங்க. எடுத்துக் குடுங்கப்பா.”

எடுத்துக் கொடுத்தார்கள். மன்றமே எழுந்து நின்று, காத்திருப்பேன், காத்திருப்பேன் என்று அன்பாகப் பாடியது. அவள் கதவைச் சாத்திய வரி யார் காதிலும் விழவில்லை. அத்தனை தொண்டையிலும் எவேலியோதான் பாடினான். அவளுடைய வாய், அவளைக் கேட்காமலேயே, இரண்டாம் குரலுக்கு இறங்கியது.