ஓடையில் கிடைத்த சுருள்

வாரத்தில் ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிறேன். ஞாயிறானால் ஓடைதான். கல்லாகிப்போன பழைய உயிர்களைத் தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் ஒருத்தி. இதுவரை உருப்படியாக ஒன்றும் அகப்பட்டதில்லை.

போன மழைக்கு அச்சங்குளத்தில், மூடிக்கிடக்கும் பழைய பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் ஓடைக்கரை சரிந்தது. அங்கேதான் இது கிடைத்தது. உள்ளங்கை அளவில், சுண்ணாம்பு படிந்து இறுகிய சுருள்.

"நாள் பூரா சக்கரம் சுத்துறது பத்தாதுன்னு வீட்டுக்கும் ஒண்ணத் தூக்கிட்டு வந்துட்டியாக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? கல்லுங்க இது!"

படத்தைக் குழுவில் போட்டேன். அம்மோனைட், கடல் பிராணியின் ஓடு, பத்துக் கோடி வருசம் இருக்கும் என்றார் ஒருவர். அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது என்றார் இன்னொருவர். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிஜமென்றால் கண்டெடுத்தவர் மாரிசெல்வி என்று என் பெயரைப் போடுவார்களாம். பத்தாவதுகூட முடிக்காதவள் பெயர்! அந்த ஆசையில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, குழுவை நடத்தும் கண்ணுச்சாமி சார் சாத்தூரிலிருந்து லென்ஸோடு வந்தார். தண்ணீர் விட்டுத் தேய்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள அறை அறையாத் தடுப்பு இருக்கணும்மா. இது காகிதம் மாதிரில்ல அடுக்கடுக்கா இருக்கு. எனக்கே வெளங்கல."

காகிதமா? பிடுங்காத குறையாக வாங்கி, ஊக்கால் ஓரத்தைச் சுரண்டினேன். தரைச்சக்கரம்! வெடிமருந்தெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. சுருளின் கடைசி முனை இரண்டு மடிப்பாக ஒட்டப்பட்டிருந்தது.

சக்கரத்துக்கு எல்லாரும் ஒரு மடிப்புதான் போடுவோம். அச்சங்குளம் கம்பெனியில் சுற்றிய என் தங்கச்சி இருளம்மாள் மட்டும் இரண்டு போடுவாள். "பிரிஞ்சிரும்க்கா" என்பாள். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று ஃபோர்மேன் அவற்றைக் கழித்து, தண்ணீரில் முக்கி, பின்னால் சுண்ணாம்புக் குழியில் கொட்டுவார். அந்தக் கம்பெனி வெடித்த அன்று அவளும் உள்ளேதான் இருந்தாள்.

அழுவதா, வெட்கப்படுவதா, சந்தோசப்படுவதா? ஒன்றும் தெரியவில்லை. அவள் கைபட்டது என்று வேறெதுவும் எங்களிடம் இல்லை.

"தூக்கிப் போட்டுரலாமாம்மா?"

"ஐயோ, வேண்டாம் சார்!"

சார் முழித்தார். நோட்டைத் திறந்தார். "அப்ப எம்புட்டு வருசத்துப் பழசுன்னு எழுத?"

"ஆறு வருசம் சார். கண்டெடுத்தவ பேரு வேண்டாம். சுத்துனவ பேரப் போடுங்க. இருளம்மாள்."