ராணி ஏன் மெழுகுவத்தியை ஊதினாள்?

ஃபூ!

மெழுகுவத்தி அணைந்தது. புகை மட்டும் மெல்லிய கோடாக எழுந்து நின்றது. பிரீத்திகாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. மறுபடியும் ஊதிவிட்டாள்!

"நிறுத்து!" மேடைக்குக் கீழேயிருந்து ஹாதியா மிஸ் சத்தம் போட்டாள். "இன்னொரு வாட்டி ஊதினே, சனிக்கிழமை மதுரைப் போட்டியில நாஜியாதான் ராணி. அவளுக்கும் வசனம் தெரியும்."

பெஞ்சுமேல் போர்வைக்குள் ராஜாவாகக் கிடந்த நாஜியா தலையை மட்டும் நீட்டினாள். "ஏட்டி, ராசா மேல கரிசனம் இருந்தா வெளிச்சத்தோட வாயேன். கொசு பிடுங்குது."

விருதுநகரில், ஜன்னலெல்லாம் சாத்திய கல்லூரி ஹாலில், எம்.ஏ. இங்கிலீஷ் பெண்களின் ஒத்திகை. நானூறு வருஷத்துப் பழைய நாடகம். விடிந்தால் ராஜா போருக்குப் போகிறான். தூங்குகிறவனைக் கடைசியாக ஒருமுறை பார்க்க, ராணி மெழுகுவத்தியோடு அவன் அறை வாசலுக்கு வருகிறாள்.

ஆடி மாசத்திலிருந்து பிரீத்திகா அந்த ராணியோடுதான் குடித்தனம். சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெயிலில் நெளியும் கருவேலங்காடு கோட்டை மதிலாகிவிடும். கண்டக்டர் சீட்டு கேட்டால் அரண்மனை வாசலிலிருந்து திரும்பி வருவாள். ராணியை இன்னொருத்திக்குக் கொடுப்பதா?

ஆனால் வாய் கேட்கமாட்டேன் என்கிறதே! அப்பா ராஜபாண்டியனுக்கு ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வெள்ளிக்கிழமைச் சூடம்கூட கம்பெனி கேட்டுக்கு வெளியேதான். அது அணைந்தபிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். நடை பழகிய நாளில் படிந்த பழக்கம். கையில் நெருப்பு, எதிரே வாசல் என்றால் உதடு தானாகக் குவிந்துவிடும்.

"திரும்ப," என்றாள் மிஸ்.

பற்றவைத்தாள். நடந்தாள். ஊதாதே, ஊதாதே. வாசல் நெருங்கியது. போர்வைக்குள் படுத்திருப்பது ராஜாவா, அடுக்கிவைத்த சரவெடியா?

ஃபூ!

போச்சு.

கீழே மிஸ் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. இறங்கிப் போகவேண்டியதுதான். ஆனால் பிரீத்திகா இறங்கவில்லை. கடைசியாக ஒரு தடவை ராணியாக இருந்துவிட்டுப் போகிறேனே!

இருட்டில் தடவிப் போனாள். விரல் நெற்றியில் பட்டது. வசனம் தானாக வந்தது. நெற்றியின் குளிர்ச்சி... இமை மயிரின் துடிப்பு... காய்ந்த உதடு... மணிக்கட்டில் சுடும் மூச்சு...

சட்டென்று நின்றாள்.

"மிஸ்! இந்த வசனத்துல ஒரு நிறம்கூட இல்ல மிஸ்!"

"என்னது?"

"அம்புட்டும் தொட்டுத் தெரிஞ்சுக்கிறது. கண்ணால பாத்தது ஒண்ணுமில்ல."

ஜன்னல் ஒன்று திறந்தது. வெளிச்சத்தில் மிஸ் புத்தகத்தைப் புரட்டினாள். விரல் வரிவரியாக இறங்கியது, மறுபடி மேலேறியது. "மெழுகுவத்தியோட வாசல் வரைக்கும் வாரான்னுதான் இருக்கு. உள்ள கொண்டுபோனான்னு இல்ல..."

"அது சரி," நாஜியா எழுந்து உட்கார்ந்தாள். ராணி வேஷம் கைநழுவுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பாக்கத்தானே வந்தா? எதுக்கு அணைக்கணும்?"

பிரீத்திகா யோசித்தாள். "வெளிச்சம் பட்டா முழிச்சிருவான். முழிச்சா அவன் ராசா. தூங்குற வரைக்கும்தான் புருசன்."

நாஜியா மறுபடி படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

மிஸ் ஜன்னலைச் சாத்தினாள். "சரி, ஊது. ஆனா இத்தனை நாளும் ஊதினது நீ. இப்ப ராணி ஊதணும். அது வரலைன்னா வேஷம் கிடையாது."

இதென்ன பெரிய காரியம் என்று பற்றவைத்து நடந்தாள் பிரீத்திகா. வாசல் வந்தது. உதடு குவியவில்லை!

சுடர் அசையாமல் நின்றது. அந்தப் பக்கம் ஒரு முகம் தூங்குகிறது. இதை அணைத்தால் அதை இனி ஒருநாளும் பார்க்கமுடியாது. ஒரே ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் என்ன? எங்கோ கோட்டைக்கு வெளியே குதிரைகள் கனைத்தன. மெழுகு உருகி விரலில் விழுந்தது. சுடவில்லை.

கண்ணில் நீர் முட்டியது.

ராணி ஊதினாள்.