லூர்தக்கா யாருடைய சாயல்

மாதாவே, இந்தப் பெரியம்மா சிரிப்பதை நிறுத்தினால் போதும். ஆள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிடுகிறேன்.

ஜெமிமா மனதுக்குள் இப்படிப் பேரம் பேசிக்கொண்டிருக்க, குசினி வாசலில் பெரியம்மா அந்தோணியம்மாள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். திரையில் ஜெமிமாதான் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். இன்று சாயங்காலம் புன்னைக்காயல் கோயில் திருவிழா மேடையிலும் அவள்தான் விற்கப்போகிறாள்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக்கடைக் கல்லாவில் உட்காரப் போனவள் அவள். மீன் பழசு என்று வம்பு பண்ணிய ஒருவரை அவள் திட்டிய திட்டுக்குக் கடையே கை தட்டியது. திட்டு வாங்கியவர் மலேசியத் தமிழ்த் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தயாரிப்பவர். மறுமாதமே ஜெமிமா லூர்தக்கா ஆனாள்: வாங்க வருகிறவனை 'என் தங்கமே' என்று கொஞ்சிவிட்டு, அவன் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுக்கும் மீன்காரி. ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆறு வருடம் மேடை மேடையாகத் திட்டினாள். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி வரிசையை நிறுத்திவிட்டு, "அக்கா, ஒரே ஒரு திட்டு" என்று கெஞ்சினார். தைப்பிங்கில் ஒருத்தி கைக்குழந்தையை நீட்டி, தூங்கவே மாட்டேன் என்கிறான், இவனையும் திட்டுங்கள் என்றாள். திட்டினாள். பிள்ளை தூங்கிவிட்டது.

அந்த வாயும் அந்த நடையும் பெரியம்மாவுடையவை. தாயில்லாத தன்னை வளர்த்தவளைத்தான் ஊர் ஊராக விற்கிறோம் என்ற குறுகுறுப்பில், லீவு இல்லை, லீவு இல்லை என்று ஆறு வருடமும் ஊருக்கு வராமலே தட்டிக்கழித்தாள். பெரியம்மா கண்டுபிடித்துவிட்டால் இந்த வீட்டுக் கதவு அவளுக்கு மறுபடி திறக்காது.

வந்து பார்த்தால், பெரியம்மா ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள்.

"ஏளா, எப்படிளா அந்த வேதமணிய அப்படியே உரிச்சு வச்சிருக்க?"

ஜெமிமாவுக்குப் புரையேறியது. வேதமணி மீன் சந்தையில் பெரியம்மாவுக்குப் பக்கத்துக் கூடைக்காரி. இருபது வருடப் பகை.

"வேதமணி அக்காவா?"

"பின்ன? அந்த வாய் இந்தக் கரையில வேற யாருக்கு உண்டு? நான் யாரையாவது ஒரு சொல்லு சொல்லியிருப்பனா?"

பெரியம்மாவின் மகன் பெனிஸ்டன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், திருவிழா லீவில் வந்திருந்தான். வாயில் இருந்த டீயை அப்படியே முற்றத்தில் துப்பினான்.

"ஏம்லே, உனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. டீ சுடுது."

காலையில்தான் கோயில் வாசலில் வேதமணி ஜெமிமாவின் கையைப் பிடித்து, "உங்க பெரியம்மாவ அப்படியே கொண்டாந்துட்டியேளா! நீ நல்லா இருப்ப" என்று காதோடு சொல்லியிருந்தாள்.

"ஆனா அவ நிக்கிறது மட்டும் உனக்கு இன்னும் வரல. இங்கன பாரு" என்று பெரியம்மா எழுந்தாள். இடது கையை இடுப்பில் ஊன்றினாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். இல்லாத மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, "என் தங்கமே, உங்கப்பன் மூஞ்சிய விட இது புதுசுல்லா!" என்று தோளை ஒரு வெட்டு வெட்டினாள்.

ஆறு வருடம் கண்ணாடி முன் நின்றும் ஜெமிமாவுக்கு வராத வெட்டு அது. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ உறைத்தது. பெரியம்மாவின் இந்த வாய்க்கு உள்ளே, யாரையும் ஒரு சொல் சொல்லாத ஒருத்தி மடியில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். தன்னில் பெரியம்மாவுக்கு அவளை மட்டும்தான் தெரியும். ஜெமிமாவுக்கு அவளைத் தெரிந்திருக்கவே இல்லை.

"சாயங்காலம் இதையும் சேத்துச் செய்யி. முடிச்சதும் மைக்குல, இது நம்ம வேதமணிதான்னு பேரச் சொல்லிரு. முன்னால உக்காந்து நான் அவ மூஞ்சியப் பாக்கணும்."

சொல்லிவிட்டால் பெரியம்மாவுக்குச் சாகும்வரை சந்தேகம் வராது. ஆனால் பழி வேதமணி தலையில் விழும். அவள் சும்மா இருக்க மாட்டாள். பதிலுக்கு அவள் பெரியம்மாவின் பெயரைத்தான் கத்துவாள்; ஊரே சேர்ந்து கத்தும். முன்வரிசையில் பெரியம்மா ஆசையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னளா முழிக்க? சொல்லுவல்லா?"

பெனிஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெமிமா பெரியம்மாவின் தோளிலிருந்து நழுவிய முந்தானையை எடுத்து மேலே போட்டாள்.

"பேரு சொல்ல மாட்டேன் பெரியம்மா" என்றாள், மெதுவாக.