செல்விக்கு முகம் இல்லை

"அப்பா, உன் கதையில வர்ற செல்விக்கு ஏன் மூஞ்சியே இல்ல?" என்று ஜெனிஃபா ஏழு வயதில் கேட்டாள். படிக்கிறவர்கள் ஆளுக்கொரு முகம் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லிச் சமாளித்தார் சாந்தகுமார்.

உண்மை வேறு. அவர் எழுத்தராக இருக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில்தான் செல்வியும் வேலை செய்கிறாள், கண்ணம்மாள் என்ற சொந்தப் பெயரில். கல்யாணத்துக்கு முன் பெற்ற பிள்ளையை வேலூரில் ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டதை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "எழுதுங்க சார். நான்னு தெரியாம எழுதுங்க." அப்படியே எழுதினார். பன்னிரண்டு வருடமாக அந்த நாவலை ஊரே கண் கலங்கப் படிக்கிறது.

இப்போது அதைப் படமாக்க மதியழகன் என்ற இயக்குநர் வந்தார். பெருமை தாங்காமல் அவரைக் கம்பெனிக்குள் கூட்டிப்போனார் சாந்தகுமார். அதுதான் தவறு. தோல் விளிம்பில் பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டும் வரிசையில் நாற்பது பெண்கள். கண்ணம்மாள் ஒருத்திதான் இடக்கை. தோல் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தட்டுவாள். மதியழகன் அங்கேயே நின்றுவிட்டார்.

"இதான் சார் செல்வி கை! முதல் ஷாட்டே இதான்."

சாந்தகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எழுதாமல் விட்டதையும் படம் காட்டிவிடும். அந்தக் கையைத் திரையில் பார்த்தால், "அட, நம்ம கண்ணம்மா!" என்று வரிசையே கத்தும். அவள் புருஷன் சம்பத்தும் பார்ப்பான். ஜெபத்தில் முழங்காலிட்டாலும் அந்தக் கைதான் கண்முன் வந்தது. சாப்பாட்டு நேரத்தில், படம் எடுக்கலாமா என்று அவளிடமே கேட்டார்.

"எடுக்கட்டும் சார். உங்களுக்கு நல்லது நடந்தா நான் இன்னாத்துக்குக் குறுக்க நிக்கணும்?" என்றாள். டிபன் பாக்ஸ் மூடி அவள் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது.

மறுநாள் மதியழகனுக்குப் போன் செய்தார்.

"வலக்கையாவே இருக்கட்டுமே தம்பி."

"படத்தோட உசிரே அதானே சார்! ஏன் வேணாம்றீங்க?"

காரணத்தைச் சொன்னாலே அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

"அப்ப படமே வேணாம் தம்பி. மன்னிச்சுடுங்க."

"விளையாடறீங்களா சார்? நாளைக்கு அக்ரிமென்ட்!"

அவர் திரும்பவும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

சாயங்காலம் கம்பெனி வேனருகில் கண்ணம்மாள் கேட்டாள். "சினிமா இன்னா ஆச்சு சார்?"

"கதை சுமார்தான்னு போய்ட்டாங்கம்மா."

"அவனுங்களுக்கு இன்னா தெரியும்! பேஜார் ஆவாதீங்க சார். வேற யாராச்சும் வருவாங்க."

அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறினாள். உட்கார்ந்ததும் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள். வேன் திரும்பும்வரை நின்றிருந்துவிட்டு, சாந்தகுமார் வீட்டுக்கு நடந்தார்.