கஞ்சியில் ஒட்டிய கடிதம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது சண்டைக்கு வந்தால் எனக்குத் தாங்காது. இரண்டு சட்டைகளை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. சட்டைகள் தயாராகவில்லை. சலவைக்கடைக்காரம்மா ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது, இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். சட்டைகள் தயாரான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"எழுதுங்க, வேணாங்கலை. ஆனா கதையில என்னை அழவைக்காதீங்க. நான் அழலை."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். (காப்பாற்றினேனா என்பதை ஆறாம் பகுதியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வானம் இருண்டு, அலைகள் மலைமலையாக எழுந்து –

[அடித்துவிட்டேன். நான் அந்தக் கடலைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை, அது நடந்து ரொம்ப வருஷம் ஆகிறது. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.]

இரண்டாவது தொடக்கம்: ஒரு கோட்டு தன் சொந்தக்காரருக்காகக் காத்திரு –

[இதுவும் போச்சு. கோட்டு காத்திருக்காது, தொங்கும்.]

மூன்றாவது, கடைக்காரம்மா சொன்னபடியே: கடையின் பின்சுவரில் ஓதம் ஏறிவிட்டது.

கொத்தனார் வந்து பார்த்தார். சுவரை ஒட்டியிருந்த துணிக்கம்பியைக் கழற்றினால்தான் கை வைக்க முடியும் என்றார். அந்தக் கம்பியில் தொங்கியவை யாரும் வாங்க வராத துணிகள். கடையை ஆரம்பித்த மாமனார் எதையும் தூக்கிப்போட மாட்டார், "ஆள் வருவாரு" என்பார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள்தான் வரவில்லை.

கம்பியின் கடைசியில், உறை போட்டு மூடிய ஒரு கம்பளிக் கோட்டு. அதன் கழுத்துப்பட்டையில் ஊக்கு குத்திய சின்னத் துணிப்பை.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. துணி வந்ததும் முதல் வேலை பாக்கெட்டைத் துழாவுவது. சீப்போ சாவியோ பஸ் டிக்கெட்டோ, கிடைத்ததை ஒரு பையில் போட்டு அந்தத் துணியோடேயே குத்திவிட வேண்டும். என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், அதற்கு மேல் நோண்டக் கூடாது.

பையில் மூன்று புகைப்படங்களும் ஐந்தாறு கடிதங்களும் இருந்தன. கடிதங்கள் மடிப்புகளில் நைந்திருந்தன, அத்தனை தடவை பிரித்துப் படித்திருக்கிறார் கோட்டுக்குச் சொந்தக்கார மனுஷன். ஒன்றே ஒன்று மட்டும் பிரிக்காத உறை. மேலே ஒரு மாலுமியின் பெயரும் அவருடைய கப்பலின் பெயரும். [இரண்டையும் நான் எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்துக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தே அழியப்போகிறேன் நான்.]

கப்பலின் பெயரைப் பார்த்ததும் கடைக்காரம்மா வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இது அந்த முழுகிப்போன கப்பல் இல்ல?"

எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் வீட்டுக்காரர், உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அதேதான்" என்று திருப்பிக் கொடுத்தார்.

3

இந்த இடத்தில் கெட்டிக்காரக் கதாசிரியனாக இருந்தால் ஒரு விஷயத்தை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுவான். எனக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் பிடிக்காது. (வராது என்றும் சொல்லிக்கொள்ளலாம்.) இப்போதே போட்டு உடைத்துவிடுகிறேன்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் மாலுமியின் மனைவி. விடுமுறைக்கு வந்த கணவர், மகளின் பிறந்தநாள்வரைகூட இருக்காமல், கப்பல் கூப்பிட்டது என்று கிளம்பிவிட்டார். ஆத்திரத்தில் மனைவி உட்கார்ந்து எழுதினார்: இனிமேல் வரவேண்டாம், நீங்கள் இல்லாமல் எங்களுக்குப் பழகிவிட்டது. எழுதிய சூட்டோடு தபாலிலும் போட்டுவிட்டார். கோபம் ஆறி, சமாதானமாக இன்னொன்று எழுதலாம் என்று நினைத்தபோது கப்பலைப் பற்றிய செய்திதான் வந்தது.

மாலுமிக்கு ஒரு பழக்கம். மனைவியின் கடிதத்தைக் கரையில் பிரிக்கவே மாட்டார். கப்பல் கிளம்பி, கரை மறைந்த பிறகுதான். அப்படியானால் அவர் கடைசியாகப் படித்தது அந்தக் கடிதத்தைத்தான். இதை நினைத்து நினைத்தே அந்தம்மா இத்தனை வருஷத்தையும் தள்ளியிருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை, மகளிடம்கூட.

உங்களுக்கு இது தெரிந்துவிட்டது. கடைக்காரம்மாவுக்குத் தெரியாது. அவருடைய பயம் நேர் எதிராக இருந்தது.

"பாவம், ஆசையா எழுதியிருப்பாங்க. இந்த மனுஷன் பிரிச்சுக்கூடப் பார்க்கலைன்னு தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"அப்போ மத்ததையெல்லாம் கொடு. அதை மட்டும் எடுத்து வெச்சிடு," என்றார் வீட்டுக்காரர்.

"பாக்கெட்ல இருந்ததை எடுத்து வெச்சுக்கறதுக்குப் பேரு திருட்டு."



4

[இந்தப் பகுதியை எழுதவேண்டாம் என்று கடைக்காரம்மா கெஞ்சினார். மறுநாள் அவரே, "எழுதித் தொலைங்க, என் தலையெழுத்து" என்றார்.]

ஓதத்தில் கடிதங்கள் சுருண்டு கிடந்தன. சுருங்கிய எதையாவது கண்டால் கடைக்காரம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. மடங்கிப்போன காலண்டர் தாளைக்கூட இஸ்திரி போட்டு மாட்டியவர். படங்களுக்குச் சூடு ஆகாது என்று தெரியும், அவற்றைக் கனமான டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தார். கடிதங்களின் மேல் துணியை விரித்து மிதமான சூட்டில் தேய்த்தார். அழகாகப் படிந்தன. அதே கையோடு, ஏதோ ஞாபகத்தில், அந்த உறையின் மேலும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டார். விரித்த துணியில் ஈரம் இருந்திருக்கிறது. புஸ்ஸென்று ஆவி வந்தது. எடுத்துப் பார்த்தால் உறை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.



"ஐயையோ! என்னங்க இது!"

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பிரிச்சுட்டியா?"

"நான் எங்க பிரிச்சேன்? அதுவா வாயைத் திறந்துடுச்சு."

"காலையிலேர்ந்து உன் பக்கத்துலயே இருந்துச்சு இல்ல, பழக்கம் ஒட்டிக்கிச்சு."

"விளையாடாதீங்க, எனக்கு உயிரே போகுது!"

வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய்ப் பசை வாங்கியிருப்பார்கள். சலவைக்கடையில் கைக்கு எட்டுவது துணிக்குப் போடும் கஞ்சி. விரலில் தொட்டுத் தடவி, ஒட்டி, அழுத்தி வைத்தார். காய்ந்த பிறகு பார்த்தால் அந்த ஓரம் மட்டும் புதுச் சட்டையின் காலர் மாதிரி விறைப்பாக, பளபளவென்று நின்றது.

[உள்ளே இருந்ததைப் படித்தாரா? இந்த இடத்தில் நான் என் கதாநாயகியைச் சந்தேகப்பட்டேன். நேராகவே கேட்டுவிட்டேன். அவர் என் சட்டைகளை என் பக்கம் தள்ளி, "உங்க பாக்கெட்ல என்ன இருந்துச்சுன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" என்றார். சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.]

5

தேடிய கதை சின்னது. மாலுமிகள் சங்கத்தில் கொடுத்த முகவரியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஒரு படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தது. அந்த ஸ்டூடியோ இப்போது செல்போன் கடை. ஸ்டூடியோக்காரரின் மகன்தான் முதலாளி. படத்தில் இரட்டைச் சடையும் விழுந்த பல்லுமாக ஒரு சிறுமி கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி பார்த்த உடனே சிரித்துவிட்டார்.

"இந்த முறைப்பை எனக்குத் தெரியுமே! எங்க பையனோட கணக்கு டீச்சர்!"

[நானாக இருந்தால் கடைக்காரம்மாவை இன்னும் மூன்று ஊர் அலையவிட்டிருப்பேன். இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் வாசகர் நம்புவாரா என்று கேட்டேன். "அலைஞ்சது நானு. உங்களுக்கு ஏன் வலிக்குது?" என்றார்.]

6

வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. மாலுமியின் மனைவி அதில் உட்கார்ந்திருந்தார். மகள், அந்தக் கணக்கு டீச்சர், திருத்திக்கொண்டிருந்த நோட்டுகளை ஒதுக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கடைக்காரம்மா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் படங்களைக் கொடுத்தார்.

"இங்க பாருடீ, அப்பவே நீ எப்படி முறைக்கிறே!" அந்தம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துச் சிரித்தார்.

பிறகு பழைய கடிதங்கள். ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். கடைசியில் அந்த உறை.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது... இது எப்படி இங்க? பிரிக்கலையா? அவர் பிரிக்கவே இல்லையா?"

கடைக்காரம்மா கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தார். "கப்பல் சொன்ன நாளுக்கு முன்னாடியே கிளம்பிடுச்சுன்னு சங்கத்துல சொன்னாங்கம்மா. கோட்டை வாங்க வரலை. அதுலயே இருந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

மகள் உறையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நாளெல்லாம் நோட்டில் அழித்து எழுதியதைக் கண்டுபிடிக்கிற கண்.

"இல்லம்மா. இது பிரிச்சு மறுபடி ஒட்டினது. இங்க பாரு, பளபளன்னு இருக்கு."

அந்தம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ கரையிலேயே படிச்சுட்டாரா... படிச்சுட்டு, வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாரா."

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். கடைக்காரம்மா வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். கணவர் படித்துவிட்டார் என்று அந்தம்மா நம்பட்டும், அதுதானே ஆறுதல்? தன் குட்டும் வெளிப்படாது, கடையின் பெயரும் கெடாது. இப்படித்தான் அவர் நினைத்தாராம். ஆனால் எதிரே இருந்த முகம் ஆறுதல் அடைந்த முகமாக இல்லை.

"அவர் இல்லைம்மா," என்றார். "நான்தான்."

"நீங்களா?" மகளின் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது.

"இஸ்திரி போட்டேன்."

"கடிதத்துக்கு இஸ்திரி போட்டீங்களா?"

"சுருண்டு கிடந்துச்சு, மனசு கேக்கலை. சூட்டுல வாய் திறந்துக்கிச்சு. கஞ்சி வெச்சு ஒட்டிட்டேன். படிக்கலைம்மா, ஒரு எழுத்துகூடப் படிக்கலை. திட்டணும்னா திட்டுங்க."

அந்தம்மா உறையைத் திரும்ப வாங்கி ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. விரலை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"நீங்க சூடு வெக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"கெட்டியா ஒட்டியிருந்துச்சு. எங்க கடை மேல சத்தியமா சொல்றேன், அவர் நகம்கூடப் படலை."

"அப்போ அவர் படிக்கலை."

"படிக்கலைம்மா. மன்னிச்சுடுங்க."

"மன்னிக்கறதா!" அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மறந்துட்டாரு! கோட்டைச் சலவைக்குப் போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டாரு! எத்தனை குடையைத் தொலைச்ச மனுஷன்! கடவுளே, இதையும் தொலைச்சிருக்காரு!"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். சண்டை, பிறந்தநாள், எழுதிய வரி, எல்லாம். மகள் முதல்முறையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் தாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"இதுக்காகவா ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே? என்னைப் பிடிக்கலை போலன்னு நெனச்சேன்மா நானு."

"போடி பைத்தியம்," என்று அந்தம்மா மகளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

[கடைக்காரம்மா அழவில்லை. அந்த வீட்டு மின்விசிறியில் தூசி அதிகம் என்று மட்டும் சொன்னார்.]

7

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அந்தம்மா கடிதத்தைப் பிரித்து மகளுக்குப் படித்துக் காட்டுகிறார். மகள் கண்கலங்கி, "அம்மா, இதில் கோபமே –"

[வேண்டாம். அந்தக் கோபம் நிஜமான கோபம். அதை நான் கழுவி வெளுக்கத் தேவையில்லை.]

இரண்டாவதில் அடுப்பில் போடுகிறார். தீ மெல்ல எழுந்து –

[எதையாவது கொளுத்தினால் கதை முடிந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடும். சோம்பேறித்தனம்.]

மூன்றாவது, நடந்தது. அந்தம்மா கோட்டை வாங்கி மடியில் விரித்து, உறையை உள்பாக்கெட்டில் வைத்துப் பொத்தானைப் போட்டார். "இருக்கட்டும். இனிமே எனக்கு அவசரமில்லை," என்றார். மகள் எல்லோருக்கும் டீ போடப் போனார்.

இத்தோடு முடித்திருப்பேன். பிற்பாடு சலவைக்குக் கொடுத்த பாழாய்ப்போன மூன்றாவது சட்டை ஒன்று இருந்தது.

8

போன வாரம் அந்தச் சட்டையை வாங்கப் போனேன். கடையில், புதுச் சுண்ணாம்பு அடித்த பின்சுவர் ஓரமாக, அதே கம்பளிக் கோட்டு.

"சலவைக்குக் கொடுத்திருக்காங்க," என்றார் கடைக்காரம்மா. "டீச்சர் போட்டுக்கப் போறாங்களாம். அளவு சரியா இருக்காம்."

"பாக்கெட்டைத் துழாவினீங்களா?"

"துழாவாம இருப்பேனா?"

"கடிதம் இருந்துதா? பிரிச்சிருக்காங்களா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "பார்த்தேன். அதுக்கு மேல சொல்லமாட்டேன். எங்க கடைச் சட்டம் உங்களுக்குத் தெரியும்ல?"

கழுத்துப்பட்டையில் சின்னத் துணிப்பை ஊக்கு குத்தித் தொங்கியது. கை நீட்டினால் எட்டும். கடைக்காரம்மா வேண்டுமென்றே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். என் கை நமநமவென்று அரித்தது. சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே முடிவு உங்கள் கையில். பிரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், பிரிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா தூங்கும்போது டீச்சர் திருட்டுத்தனமாகப் படித்ததாகக்கூட எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பையில் ஒரு சீப்பு மட்டும் இருந்தது என்றாலும் சரிதான். ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். மாலுமி அதைப் படிக்கவில்லை.