ஜிக்ஸ் திரும்பி ஓடிவரும் இடம்

என் கணவர் ஆர்விட் பிப்ரவரியில் இறந்தார், தீவன வண்டியின் படியில் ஒரு காலை வைத்தபடி. மே மாதம் ஆடுகள் வழக்கம்போல் ஈன்றன. பதினெட்டாம் தேதி காலை, கிழக்குச் சரிவில் முதல் குட்டி செத்துக் கிடந்தது.

தாடைக்கு அடியில் தோலை உரித்துப் பார்த்தேன். பல் பதிந்த நான்கு துளைகள், சுற்றிலும் கட்டிப்போன ரத்தம். செத்த பிறகு கடித்திருந்தால் ரத்தம் அப்படிக் கட்டாது. விலாவுக்குப் பின்னால் கிழித்து, பால் நிறைந்த இரைப்பையை மட்டும் தின்றிருந்தது. வளையில் குட்டி வைத்திருக்கும் கொயோட்டி ஜோடிதான், நரியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் காட்டுநாய்கள்தான், இப்படித் தினம் வந்து தினம் கொல்லும். மறுநாள் இரண்டு குட்டிகள். அதற்கு மறுநாள் ஒன்று.

ஆர்விட்டின் தம்பி டுவெய்ன், ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு வளர்ப்பவன், தன் ரைஃபிளைக் கொண்டுவந்து என் சமையலறை மேஜைமேல் வைத்தான்.

"இது முந்நூறு கஜத்துல தபால் ஸ்டாம்ப அடிக்கும், வெர்னா."

"ஸ்டாம்ப் என் ஆட்டுக்குட்டியத் தின்னலியே, டுவெய்ன்."

"கிண்டல் பண்ணு. அண்ணனோட ஷாட்கனத் தூக்கிட்டுப் போனேன்னா தோள் கழண்டு வருவ. அந்த ரவை அம்பது கஜம் தாண்டிச்சுன்னா, கொயோட்டிக்கு முதுகு சொறிஞ்சு விட்ட மாதிரிதான்."

"உங்கண்ணன் நாப்பது கஜத்துக்குள்ள வரவெச்சாரே."

"அவனா வரவெச்சான்? நாய் வரவெச்சுது. நாய அனுப்பி கொயோட்டியக் கூட்டிட்டு வரச் சொல்றது, திருடனுக்குக் கதவையும் தெறந்துவிட்டு காபியும் போட்டு வைக்கற மாதிரி."

"அந்தக் காபிய நீ முப்பது வருஷமா இந்த வீட்ல குடிக்கற. ஒரு நாளாவது வேணாம்னியா?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தோட்டாப் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

மேஜைக்கு அடியில் எங்கள் நாய் ஜிக்ஸ் இல்லை. ஆர்விட் போன பிறகு அது வீட்டுக்குள் வருவதை விட்டுவிட்டது. அவருடைய பிக்கப் வண்டிக்கு அடியில், ஓட்டுநர் பக்கமாகப் படுத்துக்கொள்ளும். மஞ்சள் நிறம், பதினெட்டுக் கிலோ, எட்டு வயது. கொயோட்டிகள் எட்டத்தில் தெரிந்ததும் அது தனியாகப் போய் அவற்றின் கண்ணில் படும். வளைக்கு அருகே ஒரு நாயை அவை பொறுக்காது, விரட்டிக்கொண்டு வரும். ஜிக்ஸ் திரும்பி ஓடிவரும். நாயைப் பிடிக்கும் வெறியில் அவை ஆளைப் பார்ப்பதில்லை. ஆர்விட் ஒரு சேஜ் புதருக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சுடுவார். நான் இரண்டு முறைதான் கூடப் போயிருக்கிறேன், இரண்டு முறையும் வண்டியிலேயே இருந்தேன்.

வேறு வழிகளையும் யோசித்துப் பார்த்தேன். வேலிக்கு அடியில் கம்பிச் சுருக்கு வைக்கலாம். ஆனால் அதே இடுக்குகளில்தான் என் ஆட்டுக்குட்டிகளும் நுழைந்தன. விமானத்திலிருந்து கொயோட்டி சுடும் அரசாங்கக்காரர்களைக் கேட்டேன். பனி உருகிவிட்டதால் புல்லின் நிறத்தில் எதுவும் தெரியாது, எப்படியும் ஜூன் நடுவில்தான் வர முடியும் என்றார்கள். ஜூன் நடுவில் காப்பாற்ற எத்தனை குட்டிகள் இருக்கும் என்று அவர்களிடம் கேட்கவில்லை.

ஆகவே நாய்தான். எந்தத் துப்பாக்கி என்பதுதான் மிச்சம். ஷாட்கனின் ரவை விரியும். நாயும் கொயோட்டியும் ஒரே கோட்டில் வந்தால் இரண்டுக்கும் படும். ரைஃபிளில் ஒரே குண்டு, வைத்த இடத்தில் போகும். பதினாறு வயதிலிருந்து மான் சுட்டிருக்கிறேன், ரைஃபிள் எனக்குக் கை பழகியது. நாய்க்கு அதுதான் பாதுகாப்பு என்று முடிவு செய்தேன். டுவெய்ன் சொன்னதால் அல்ல.

மறுநாள் விடிந்ததும், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி, உப்போடைப் பள்ளத்தின் வாயில் ஒரு சேஜ் புதர் அருகே நின்றேன். கொயோட்டிபோல் ஊளையிடும் குழலை ஊதினேன். எதிர்மேட்டிலிருந்து பதில் வந்தது. பெண் கொயோட்டி குரைத்தது, ஆண் இழுத்து ஊளையிட்டது. ஜிக்ஸ் என் முகத்தைப் பார்த்தது. கையை அசைத்தேன். போய்விட்டது.

அங்கிருந்து ரைஃபிளுக்குப் பார்வை போதவில்லை. புல் மறைத்தது. ரைஃபிள்காரர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பின்னால் இருந்த மேட்டில் நூற்றிருபது கஜம் ஏறிப் படுத்துக்கொண்டேன். அங்கிருந்து பள்ளம் முழுவதும் கைரேகைபோல் தெரிந்தது.

ஜிக்ஸ் முன்னால் ஓடிவந்தது. இரண்டு கொயோட்டிகளும் அதன் வாலுக்குப் பின்னால். அது நேராக, எந்தப் புதரிலிருந்து அதை அனுப்பினேனோ அந்தப் புதருக்கே ஓடியது. அங்கே யாரும் இல்லை.

அது நின்று திரும்பிப் பார்த்ததை ரைஃபிளின் ஸ்கோப் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. அதற்குள் ஆண் கொயோட்டி அதன் தொடையைக் கவ்விவிட்டது. ஸ்கோப்பின் வட்டத்துக்குள் மஞ்சளும் சாம்பலுமாக ஒரே உருண்டை. விரல் விசையில் இருந்தது. குறி வைக்க இடம் எதுவும் இல்லை. நான் எழுந்து நின்று, ஆர்விட் கூப்பிடுவதுபோல் கூப்பிட முயன்றேன். குரல் கத்தலாகத்தான் வந்தது. கொயோட்டிகள் என்னைப் பார்த்துவிட்டு ஓடிப்போயின.

ஆட்டுக்குத் தையல் போடும் ஊசியால் ஜிக்ஸுக்குப் பதினொரு தையல் போட்டேன். டுவெய்ன் அதன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"சுட்டிருக்கலாம்ல?"

"எத?"

அவன் நாயின் காதைத் தடவினான். "அண்ணன் ஒரு தடவ எறும்புப் புத்து மேல உக்காந்துட்டான், தெரியுமா உனக்கு?" என்றான்.

"எப்ப?"

"ஜிக்ஸ் வந்த முத வருஷம். நாய அனுப்பினப்புறந்தான் பாத்தான். எந்திரிக்கல. கொயோட்டிய அடிச்சிட்டுத்தான் எந்திரிச்சான். வீட்டுக்கு வந்து பேன்ட்ட எங்க கழட்டுனான்னு நீயே யோசிச்சுப் பாரு."

"கொட்டகைல. வெறும் துண்டோட உள்ள வந்தாரு. ஏன்னு கேட்டேன், சும்மாங்கறாரு."

"எடம் மாறக் கூடாதுன்னு சொல்லுவான். நான்தான் கேக்கல. எனக்கென்ன, எங்கிட்ட நாய் இல்ல."

"ரைஃபிளக் குடுத்தப்ப ஏன் இத சொல்லல?"

"நீ மேல ஏறுவேன்னு யாரு கண்டா?"

காயம் ஆற ஒன்பது நாள் காத்திருந்தோம். அதற்குள் பதினொரு ஆட்டுக்குட்டிகள் போயின. நான் ராத்தங்க, மேய்ப்பர்கள் தூங்கும் கூண்டு வண்டியைச் சரிவுக்கு இழுத்துப் போனேன், விளக்கு கட்டினேன், ரேடியோவை அலறவிட்டேன். ரேடியோவுக்கு இருபதடி தள்ளி ஒரு குட்டியைக் கொன்றன. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் இந்த ஆண்டுக் குட்டிகள் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. ஆனால் ஜிக்ஸ் இன்னொரு முறை போகுமா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு முறை ஓடிவந்த நாய் மறுபடி ஓடிவர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது போகாவிட்டால் போகட்டும், திட்டுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

பத்தாம் நாள் ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டு ஷாட்கனை எடுத்தேன். பெரிய ரவை, இரண்டு குழலிலும். அதே பள்ளம், அதே புதர். உட்காரும் முன் தரையை நன்றாகப் பார்த்தேன். எறும்பு இல்லை, ஒரு கூரான கல் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன்.

ஊதினேன். பதில் வந்தது. கையை அசைத்தேன்.

ஜிக்ஸ் போகவில்லை. நொண்டிக்கொண்டே நாலடி நடந்து, திரும்பி என்னைப் பார்த்தது. நான் கால்களை நீட்டி, குதிகால்களை மண்ணில் அழுத்தி, துப்பாக்கியை முழங்கால்மேல் வைத்தேன். அது என் குதிகால்களைப் பார்த்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எதைப் பார்த்ததோ, போய்விட்டது.

புல் முழங்கால் உயரம். உட்கார்ந்தால் அறுபது கஜத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு ஜிக்ஸ், மூன்று காலில். கடைசி முப்பது கஜத்தில் அது என் பக்கம் நேராக வராமல் சற்று வளைந்து, என் இடப்புறமாக வந்தது. ஆர்விட் இடது கைக்காரர் இல்லை. வலது கைக்காரரின் துப்பாக்கி சுலபமாகத் திரும்புவது இடப்பக்கம்தான். நாயும் கொயோட்டியும் ஒரே கோட்டில் வரும் என்று நான் பயந்தது வீண். எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது ஜிக்ஸுக்குப் பல வருடமாகத் தெரியும்.

பெண் கொயோட்டியை இருபத்தைந்து கஜத்தில் சுட்டேன். ஆண் திரும்பும்போது இரண்டாவது குழல். அது சிறிது தூரம் போய் விழுந்தது. தோள் கழன்றதுபோல்தான் இருந்தது. டுவெய்னிடம் அதைச் சொல்லவில்லை.

ஜிக்ஸ் என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியது. நான் திரும்பவில்லை. அதன் மூச்சு சட்டையில் சூடாகப் பட்டது.

பெண் கொயோட்டியின் மடியில் பால் இருந்தது. மாலைக்குள் வளையைக் கண்டுபிடித்தேன், ஐந்து குட்டிகள். அவற்றையும் முடித்தேன். ஆர்விட் அந்த வேலையிலிருந்து வந்தால் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்பார். நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் சரிவில் எல்லாக் குட்டிகளும் நின்றன. டுவெய்ன் ரைஃபிளை வாங்கிப்போக வந்தான். காபி குடித்தான்.

ஜிக்ஸ் அன்றும் வீட்டுக்குள் வரவில்லை. பிக்கப்புக்கு அடியில், ஓட்டுநர் பக்கமாகத்தான் படுத்திருந்தது. நான் இப்போதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் ஏறுகிறேன்.